பாதி சூப், பாதி சொதி

ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தால் ஒன்று ஜலதோஷம் பிடிக்கும், இல்லை சமையல் ஆசை பிடிக்கும். என்னை இரண்டும் சேர்ந்து பிடித்தன. கைப்பேசியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இலையுதிர்கால காய்கறி சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் ஜன்னலுக்கு வெளியே சிவப்பு இலைகள் உதிர்ந்தன. நான் எங்கள் கொல்லையைப் பார்த்தேன். வேம்பு நனைந்து கரும்பச்சையாக நின்றது. அது இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அப்போது சூப் என்று நினைத்தாலே வேர்க்கும். இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் என்று தமிழில் பெயர் இருக்கிறதே! "இன்றைக்குக் கூதிர்கால சூப்" என்று வீட்டில் அறிவித்தேன்.

"மொதல்ல மூக்கச் சிந்திட்டு அடுப்படிக்குப் போங்க" என்றாள் மனைவி.

குடையோடு மார்க்கெட்டுக்குப் போய் செலரி கேட்டேன். கடைக்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "சேலரியா? அது ஒண்ணாந்தேதியில்லா வரும், அண்ணாச்சி" என்றார். செலரியே வேண்டாமென்று கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, கனத்துக்காக இரண்டு முருங்கைக்காய் வாங்கினேன். சிறுகிழங்கு போட்டால் சூப்பே எழுந்து நிற்கும். ஆனால் அதற்குத் தை வர வேண்டும்.

அந்த அம்மாள் கெட்டிக்குக் கிரீம் ஊற்றினாள். எங்கள் வீட்டில் கிரீம் என்றால் பித்தவெடிப்புக்குப் போடுவது. ஆகவே தேங்காய். துருவி, அரைத்து, மூன்று பால் எடுத்தேன். உடம்புக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று பாசிப்பருப்பும் வேகவைத்தேன். சாய்வு நாற்காலியில் கிடந்த அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "சொதியாலே வைக்கே?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. திருநெல்வேலிச் சீமையில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சொதி, அடுப்பில் பாதி தயாராகிவிட்டிருந்தது. கௌரவத்தை விட முடியுமா? "இல்லம்மா, சூப்" என்றேன். நம் மிளகுத்தண்ணியை வெள்ளைக்காரன் கொண்டுபோய் முல்லிகடானி சூப் என்று பெயர் வைக்கவில்லையா? அவன் வைத்தால் சூப், நான் வைத்தால் சொதியா? இதை அடுப்பைப் பார்த்துதான் சொன்னேன். மற்ற இருவரும் கேட்கிற நிலையில் இல்லை.

ஏனென்றால் சண்டை ஆரம்பித்துவிட்டது. "எம்புள்ள வைக்கது சொதிதான்" என்றாள் அம்மா. "இல்ல அத்தை, இது சூப்பேதான். இதச் சொதின்னா எங்கம்மா வச்ச கல்யாணச் சொதிக்கே கேவலம்" என்றாள் மனைவி. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வாதாடியதும், கோமதி அம்மன் தவமிருக்க, இறைவன் பாதி அரனாகவும் பாதி அரியாகவும் காட்சி தந்ததும் எங்கள் ஊர்க் கோயிலின் தலவரலாறு. ஆண்டுதோறும் ஆடித்தபசுக்கு ஊரே திரண்டு கும்பிடுகிறது. என் பாத்திரத்தில் நின்றதும் அதே கோலம்தான், பாதி சூப், பாதி சொதி. கும்பிடத்தான் ஆளில்லை.

சொதிக்கு ஒரு சட்டம் உண்டு. காய் வேக மூன்றாம் பால், பிறகு இரண்டாம் பாலும் பருப்பும், கடைசியில் முதல் பால். முதல் பாலைக் கொதிக்க விடக்கூடாது. நுரை கட்டியதும் இறக்க வேண்டும். எலுமிச்சை இறக்கிய பிறகுதான். நான் வைப்பது சூப்பாயிற்றே! தளதளவென்று கொதிக்கவிட்டேன். கொதிக்கும்போதே ஒரு முழுப் பழத்தைப் பிழிந்தேன். பால் திட்டுத்திட்டாகத் திரிந்து ஒதுங்கியது. நடுவில் முருங்கைக்காய்கள், வெள்ளத்தில் சாய்ந்த மின்கம்பம் மாதிரி.

அம்மா பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "இது சூப்தான்" என்றாள். கல்யாணமாகி 22 வருஷத்தில் மாமியாரும் மருமகளும் ஒத்துப்போன முதல் விஷயம் இது.

பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குக் கிளம்பினான். பிரியாணிக்குப் பேர்போன ஊரில் சைவ வீடாக இருப்பதே ஒரு தபசு. அதிலும் இந்த வீட்டில் இரவுச் சாப்பாடு என்றால் அவன் என்னதான் செய்வான்? நான் இரண்டு கிண்ணம் குடித்தேன். மூன்றாவதைத் தூக்குவாளியில் ஊற்றி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் தூக்குவாளி, கழுவித் துடைத்து, நாலு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தது.

"சொதி நல்லாருந்துச்சு அண்ணாச்சி. ஆனா இஞ்சித் துவையல் குடுத்துவிட மறந்துட்டியளே?"