நாலரை ஸ்காலர்ஷிப்பும் ஒரு ஹோட்டல் பார்க்கிங்கும்

அமெரிக்கக் கல்லூரிகளில் டென்னிஸ் கோச் என்றொரு பதவி உண்டு. கழுத்தில் விசில், கையில் ராக்கெட், வாயில் திட்டு என்று ஓர் ஆளைக் கற்பனை செய்துகொண்டால் தப்பு உங்கள் பேரில் இல்லை. சரித்திரம்தான் வேறு மாதிரி போயிருக்கிறது. அங்கே பெரிய பேர் வாங்கிய கோச்சுகள் ஃபோர்ஹேண்ட் சொல்லிக்கொடுத்த நேரத்தைவிட ஆள் பிடிக்கவும், காசு பிடிக்கவும், கூட்டம் சேர்க்கவும் அலைந்த நேரம்தான் அதிகம். கெட்டிக்காரப் பையன் எப்படியும் ஆடத் தெரிந்துகொண்டுதான் வருவான். அவனைப் பக்கத்துக் கல்லூரிக்குப் போகவிடாமல் நம் பக்கம் திருப்புவதில்தான் வித்தை இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டு பல்கலைக்கழகங்கள், யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. என்று. சக்களத்திச் சண்டைக்குக் குறைவில்லை. யு.எஸ்.சி.யில் 1954 முதல் 1980 வரை ஜார்ஜ் டோலி. பத்து தேசியப் பட்டங்கள். பணக்காரர்கள் ஆடும் லாஸ் ஏஞ்சலிஸ் டென்னிஸ் கிளப்பில் காசுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலைதான். ஆள் பிடிப்பதில் அவருக்கு எல்லைக்கோடு ஒரு பொருட்டே இல்லை. பெருவிலிருந்து அலெக்ஸ் ஒல்மெடோ, மெக்சிகோவிலிருந்து ரஃபேல் ஒசூனா. ஒல்மெடோவின் அப்பா அரேக்கிப்பாவில் டென்னிஸ் மைதானத்தைப் பராமரித்தவர். மகன் கல்லூரி சாம்பியன் பட்டத்தை இரண்டு தடவை வாங்கினார். 1958-இல் பெரு நாட்டுப் பிரஜையாக இருந்தபடியே அமெரிக்காவுக்காக டேவிஸ் கோப்பை ஆடி, ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் கவிழ்த்துவிட்டு வந்தார். அமெரிக்கப் பத்திரிகைகளில் சிலர் இதெல்லாம் நியாயமா என்று முனகினார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று மட்டும் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

எதிர்முகாமில் ஜே.டி. மார்கன். கோச்சாக இருந்தபடியே பல்கலைக்கழகத்தின் கணக்குவழக்கையும் பார்த்தவர். இந்த இரண்டாவது தகுதிதான் அவரைக் கரைசேர்த்தது என்பது என் கட்சி. ஆர்தர் ஆஷை யு.சி.எல்.ஏ.வுக்குக் கொண்டுவந்தவர் இவரே. 1965-இல் ஆஷ் சாம்பியன், அணியும் சாம்பியன். அதற்குள் மார்கன் அங்கே விளையாட்டுத் துறைக்கே தலைவராகி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பாஸ்கெட்பாலில் பத்து தேசியப் பட்டம் வாங்கிய ஜான் வூடன் பெயரை அமெரிக்காவில் பக்தியோடு உச்சரிப்பார்கள். அந்த வூடனுக்கு மேலதிகாரி, ஒரு டென்னிஸ் கோச். வலையின் உயரம் தெரிந்தவரைவிட வரவு செலவு தெரிந்தவர் மேலே போவார் என்பது உலகத்து அலுவலகங்கள் எல்லாவற்றிலும் உள்ளதுதான்.

ஆனால் இந்தத் தொழிலின் முழு அவதாரம் டான் மெகில்தான். ஊர் ஏதென்ஸ், சாக்ரடீஸ் விஷம் குடித்த ஏதென்ஸ் அல்ல, ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ். அங்கேயே 1921-இல் பிறந்து, சின்னப் பையனாகவே பல்கலைக்கழக மைதானத்தில் எடுபிடி வேலை பார்த்து, பிறகு அட்லாண்டாவில் பத்திரிகை நிருபராகி, 1949-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் செய்தி அதிகாரியாகத் திரும்பி வந்தார். 1954-இல் டென்னிஸ் அணியையும் அவர் தலையில் கட்டினார்கள். கிட்டத்தட்ட உபரி வேலை, நம் ஊர்ப் பள்ளிகளில் தமிழய்யாவிடம் நூலகச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பதுபோல.

விளைவைப் பாருங்கள். அணியை ஆடவைத்தவர் அவர். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு எழுதியவரும் அவர். ஜெயித்த அன்றைக்குக் குறிப்பு எத்தனை பக்கம், தோற்ற அன்றைக்கு எத்தனை வரி என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. நல்லவேளையாக அவர் அதிகம் தோற்கவில்லை. 1988 வரை 34 வருஷத்தில் 706 வெற்றி, 183 தோல்வி.

இதற்கு நடுவே நன்கொடை வசூல் வேறு. ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள். அங்கெல்லாம் பல்கலைக்கழக அபிமானிகளைத் திரட்டி ‘புல்டாக் கிளப்’ அமைத்தவர் மெகில். விருந்தில் எழுந்து நாலு கதை சொல்லிச் சிரிக்கவைப்பார், சிரித்த வாய் மூடுவதற்குள் பர்ஸ் திறந்திருக்கும். கன்ட்ரி பாடகர் கென்னி ராஜர்ஸையும் விடவில்லை. அவர் கொடுத்த பணமும் சேர்ந்துதான் கல்லூரி டென்னிஸுக்கான புகழ்மண்டபம் எழும்பியது. எங்கே எழும்பியது என்று கேட்கிறீர்களா? மெகிலின் மைதானத்தை ஒட்டித்தான்.

அவருடைய மகா சாமர்த்தியம் இன்னொன்று. கல்லூரி டென்னிஸின் தேசியப் போட்டியையே தன் ஊருக்கு இழுத்துவந்துவிட்டார். 1972-இல் ஒருமுறை, பிறகு 1977 முதல் 1989 வரை வருஷா வருஷம். கலிஃபோர்னியாக்காரர்கள் பெட்டி படுக்கையோடு கண்டம் தாண்டி வந்து, மே மாதப் புழுக்கத்தில், காது கிழியக் கத்தும் ஜார்ஜியாக் கூட்டத்துக்கு முன்னால் ஆடவேண்டும். சாதாரணமாக டென்னிஸ் ரசிகர் என்றால் கைக்குட்டைக்குள் இருமுகிறவர். இங்கே நாய் மாதிரி குரைப்பார்கள், அணியின் சின்னமே புல்டாக் ஆயிற்றே. 1985-லும் 1987-லும் யு.சி.எல்.ஏ.வைத் தோற்கடித்து ஜார்ஜியா பட்டம் வாங்கியதில் அந்தக் குரைப்புக்கு எத்தனை பாயின்ட் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

அந்த ஏதென்ஸில் 1978-இல் நடந்த ஒற்றையர் இறுதி ஆட்டம் தனிக்கதை. ஒரு பக்கம் ஸ்டான்ஃபோர்டின் ஜான் மெக்கன்ரோ. முந்தின வருஷம்தான் விம்பிள்டன் அரையிறுதி வரை போய்விட்டு, போனால் போகிறது என்று கல்லூரியில் சேர்ந்திருந்தார். எதிரே நார்த் கரோலினாக்காரர் ஜான் சாட்ரி, பீரங்கி சர்வீஸ். கூட்டம் முழுக்க சாட்ரி பக்கம். நாலு செட் ஆட்டத்தில் மூன்று செட் டைபிரேக். மூன்றும் மெக்கன்ரோவுக்கு. கோபத்தை அடக்கத் தெரியாத பத்தொன்பது வயசுப் பையனை அந்தச் சத்தத்துக்கு நடுவே கட்டிமேய்த்த கோச் டிக் கூல்டுக்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்கவேண்டும். அடுத்த மாதமே மெக்கன்ரோ தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். மொத்தக் கல்லூரி வாழ்க்கை ஒரு வருஷம். 1971-இல் இதே பட்டத்தை யு.சி.எல்.ஏ.வுக்கு வாங்கிக்கொடுத்த ஜிம்மி கானர்ஸும் பட்டப்படிப்பை முடிக்கவில்லை. வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் நல்லபேர் வாங்கிப் பிடித்துவந்த பையன், பாடப்புத்தகத்தின் அட்டை கசங்குவதற்குள் பறந்துவிடுவான். மறுபடி சூட்கேஸ், மறுபடி அம்மா.

கூல்ட் அசரவில்லை. பக்கத்தில் ஃபுட்ஹில் என்ற சிறு கல்லூரியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், 1966-இல் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தார். முதல் பட்டத்துக்கு 1973 வரை காத்திருந்தார். 2000-க்குள் பதினேழு. அதே 1978-இல் அவர் மனைவி ஆன் கூல்ட் ஸ்டான்ஃபோர்ட் பெண்கள் அணிக்குக் கோச். அந்த அணியும் தேசிய சாம்பியன். அந்த வருஷம் அவர்கள் வீட்டில் யார் யாருக்கு அறிவுரை சொன்னார்கள் என்பது சரித்திரத்தில் பதிவாகவில்லை.

பெண்கள் என்றதும் சட்டம் ஞாபகம் வருகிறது. 1972-இல் வந்த ‘டைட்டில் நைன்’, படிப்பிலும் விளையாட்டிலும் பெண்களுக்குச் சம வாய்ப்பு என்றது. முற்றிலும் நியாயம். ஆனால் ஆண்கள் பக்கத்து ஸ்காலர்ஷிப்பில் எண்பத்தைந்தை ஃபுட்பால் அணி விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டது. அதன் மேல் கைவைக்க எந்தத் தலைவருக்கும் தைரியம் இல்லை. ஆகவே கத்தி டென்னிஸ் மாதிரிச் சாதுக்கள் மேல் இறங்கியது. அண்மைக்காலம் வரை முதல்தரக் கல்லூரியில் பெண்கள் அணிக்கு எட்டு ஸ்காலர்ஷிப், ஆண்கள் அணிக்கு நாலரை. ஒற்றையர் ஆடவே ஆறு பேர் வேண்டும். நாலரையை ஆறாக, எட்டாக வகுக்கிற கலை பிறந்தது. உனக்கு முக்கால், தம்பி உனக்குக் கால், உனக்குப் புத்தகக் காசு மட்டும்.

நல்லதும் நடந்தது. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், பிரையன் போலண்டின் வர்ஜீனியா அணிக்குப் போய் 2007, 2008 இரண்டிலும் ஒற்றையர் பட்டம் வாங்கினார். 2007 இறுதி ஆட்டம் ஏதென்ஸில். எதிராளி ஜார்ஜியாவின் செல்லப்பிள்ளை, ஆறடி பத்தங்குல ஜான் இஸ்னர். மூன்றாவது செட் டைபிரேக்கில் உள்ளூர் குரைப்பு அடங்கியது.

கெட்டதும் நடந்தது. கோச்சின் கையில் ஒரு ரகசியச் சாவி உண்டு. ‘இவன் என் அணிக்கு வேண்டும்’ என்று அவர் சொன்னால் சேர்க்கை அலுவலகம் மார்க்கைப் பார்த்து முகம் சுளிக்காது. அரைநூற்றாண்டாக அந்தச் சாவியால் ஆடத் தெரிந்தவர்களை உள்ளே விட்டார்கள். அதற்கும் ஒரு விலை உண்டே என்று சிலருக்குத் தோன்றிவிட்டது. 2019 மார்ச்சில் அமெரிக்காவே வாய்பிளந்த சேர்க்கை ஊழலில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் டென்னிஸ் கோச் கார்டன் எர்ன்ஸ்ட் மாட்டினார். வாங்கிய லஞ்சம் ஏறக்குறைய 35 லட்சம் டாலர். அவர் ‘ஆட்டக்காரர்கள்’ என்று பரிந்துரைத்தவர்களில் சிலர் போட்டி டென்னிஸே ஆடாதவர்கள். இரண்டரை வருஷம் சிறை.

டெக்ஸஸ் பல்கலைக்கழகக் கோச் மைக்கேல் சென்டர் இவரோடு ஒப்பிட்டால் சில்லறை வியாபாரி. மொத்தம் ஒரு லட்சம் டாலர். அதில் 60,000 ரொக்கமாக, ஆஸ்டினில் ஒரு ஹோட்டல் பார்க்கிங்கில் கைமாறியது. மீதி 40,000 டென்னிஸ் அணிக்கு நன்கொடை என்ற பெயரில் போயிற்று. மெகில் இத்தனை வருஷம் விருந்து வைத்து, கதை சொல்லி, ரசீது கொடுத்து வசூலித்தவர். அவருக்கு இந்தச் சுருக்குவழி தோன்றவே இல்லை. சென்டருக்கு ஆறு மாதச் சிறை.

கைதான மறுநாளே அவரை வேலையை விட்டு நீக்கி, உதவிக் கோச் புரூஸ் பெர்க்கைத் தற்காலிகமாக உட்காரவைத்தார்கள். இரண்டே மாதம். மே மாதம் ஆர்லாண்டோவில் வேக் ஃபாரஸ்டை ஜெயித்து டெக்ஸஸ் ஆண்கள் அணி அதன் சரித்திரத்திலேயே முதல் தேசியப் பட்டத்தை வாங்கியது. சென்டர் கிட்டத்தட்ட இருபது வருஷம் முட்டி மோதியும் கிடைக்காத பட்டம். பெர்க்கையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். கோப்பையும் கையுமாக நிற்கிற ஆளை எந்த முகத்தோடு இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவது?