சும்மாடு கட்டத் தெரியுமா, மாப்ளே?

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. அந்த ஓரம் வேணாம், கோழி இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்கு.

உங்கம்மா நேத்தே வந்து சொல்லிட்டா. பெரு தேசத்துக்கு மலையேறப் போறியாம்ல? நாலு நாள் நடை, மூணு ராத்திரி கூடாரம், கடைசியில இடிஞ்சுகிடக்குற பழைய ஊரு ஒண்ணு. சொல்லும்போதே எங்க அக்காவுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. பெருமையா பயமான்னு கேட்டேன். "பைக்கு பஞ்சர்னு சொல்லி ரேசன் கடைக்கே போகாமப் படுத்துக்கிட்டவன்டா இவன்"னா. அதுல பெருமையா பயமான்னு எனக்கு வெளங்கல.

தாராளமாப் போ. நான் மறிக்கப்போறதில்ல. புத்திமதி மட்டும் கொஞ்சம் சொல்லி அனுப்புறேன். உன்னைக் கூட்டிட்டுப் போற கம்பெனிக்காரன் ஒவ்வொண்ணுக்கும் காசு கேப்பான். மாமன் கேக்கமாட்டேன். இப்போதைக்குக் கேக்கமாட்டேன்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பொறந்தவனுக்கு ஒசரம்னா என்னன்னு தெரியுமாப்பா? நமக்குத் தெரிஞ்ச மலை கண்மாய்க்கரை. அதுக்கு மேல ஏறணும்னா பனைமரம்தான். நடைக்கு முன்னாடி நீ தங்கப்போற குஸ்கோ நகரமே கடல்மட்டத்துக்கு 3,400 மீட்டர் மேல இருக்காம். நம்ம ஊட்டித் தொட்டபெட்டா 2,637. அதாவது நீ செருப்பை மாட்டுறதுக்கு முன்னாடியே, ஓட்டல் மெத்தையில மல்லாந்து கெடக்கும்போதே, தொட்டபெட்டா உச்சிக்கு முக்கா கிலோமீட்டர் மேல கெடக்குற. நடையில ரெண்டாம் நாளு 4,215 மீட்டர்ல ஒரு கணவாயைத் தாண்டணும். அதுக்குப் பேரு என்ன தெரியுமா? செத்துப்போன பொம்பளைக் கணவாய். கீழயிருந்து பார்த்தா ஒரு பொம்பளை மல்லாக்கப் படுத்த மாதிரி இருக்குமாம், அதனால அந்தப் பேரு. கம்பெனிக்காரன் குடுத்த கலர் தாள்ல இந்தப் பேரைத் தமிழ்ல போட்டிருந்தா உங்கம்மா உன்னைப் பாஸ்போர்ட் ஆபீசுக்கே விட்டிருக்க மாட்டா.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? பேத்தி செல்லுல படிச்சுக் காட்டுச்சு. மழையில்லாத ஊர்ல கெழவனுக்கு வேற என்ன சோலி?

அங்க போன உடனே காலை வீசி நடக்காத. பைய நட. அந்த ஒசரத்துல காத்து இளைச்சுப்போகும், தலை வலிக்கும், சோறு எறங்காது. கோக்கா இலையைக் கொதிக்கவச்சுத் தண்ணி குடுப்பாங்களாம், குடி. இலை நல்லாருக்குன்னு பைக்குள்ள போட்டுட்டு வந்துறாத. அங்க அது டீ, நம்ம விமான நிலையத்துல அது கேசு.

வழிகாட்டி இல்லாம அந்தப் பாதையில ஒருத்தனையும் விடமாட்டாங்களாம். ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பிப்ரவரி மாசம் பூரா மராமத்துக்குன்னு பாதையையே அடைச்சுப் போட்டுருவாங்க. கேட்டதும் எனக்கு அந்த ஊரு மேல ஒரு மரியாதை வந்துச்சு. நம்ம பக்கத்துலயும் மலையை லேசா நினைக்கக் கூடாதுன்னு 2018 மார்ச்சுல தேனி குரங்கணியில பார்த்தோமே. காட்டுத்தீயில 20 பேருக்கு மேல போயிட்டாங்க. எல்லாம் உன் வயசுப் பிள்ளைக. அதுக்குப் பெறகுதான் மலையேற்றத்துக்குன்னு தனியா விதி போட்டாங்க. 2024-ல அரசாங்கமே 40 பாதைகளைத் தெறந்து, மலைவாசிப் பிள்ளைகளையே வழிகாட்டியாப் பழக்கி விட்டிருக்கு. அதனால வழிகாட்டி நில்லுன்னா நில்லு. அங்க மட்டும் கேலி கிண்டல் வேணாம்.

அந்த 500 பேர்ல உன்னை மாதிரி வேடிக்கை பாக்கப் போறவன் எத்தனை பேருன்னு நினைக்கிற? பாதிகூட இல்லையாம். மிச்சம் பூரா வழிகாட்டி, சமையக்காரரு, சுமைகாரரு. அதைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோ, பெறகு வர்றேன்.

நாலு நாள் நடைன்னு எல்லார்கிட்டயும் பீத்துறியாமே? நம்மகிட்ட பதினாலு நாள் கணக்கு இருக்குப்பா. கண்ணகி. புருசன் செத்து, மதுரையை எரிச்சுப்போட்டு, வைகைக்கரையோட மேக்கே நடந்து, பதினாலாம் நாள் மலையில வேங்கைமரத்து நெழல்ல போய் நின்னான்னு சிலப்பதிகாரம் சொல்லுது. கூடாரம் இல்ல, ஊணிக்கிற குச்சி இல்ல. கையில இருந்த ஒத்தச் சிலம்பையும் அரண்மனையில உடைச்சுட்டா. பூம்புகார்லயிருந்து மதுரை வரைக்குமாவது கவுந்தியடிகள்னு ஒரு சமணத் தவசி கூட வந்தாங்க. பாதையில எங்க என்ன கெடக்கும், எதை மிதிச்சா எந்த உசுரு நோகும்னு சொல்லிக்கிட்டே வந்த வழிகாட்டி. மேக்கே போன பாதிக்கு அதுவும் கிடையாது.

அவ பேர்ல கோயிலும் இருக்கு, கேரள எல்லையில, மங்கலதேவி மலையில. அதுவும் உன் இடிஞ்ச ஊரு மாதிரித்தான். கல்லு ஒருபக்கம், செவுரு ஒருபக்கம், எல்லாத்துக்கும் மேல எல்லைத் தகராறு ஒருபக்கம். வருசத்துல ஒரே நாளு, சித்ரா பௌர்ணமிக்குத்தான் தெறப்பாங்க. குமுளி வழியா ஜீப்புல போறவன் போவான். நான் பளியன்குடி வழியா நடந்தே ஏறியிருக்கேன். மூச்சு வாங்கி ஒரு பாறையில உக்காந்தா, எண்பது வயசுப் பாட்டி ஒருத்தி சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு என்னைத் தாண்டிப் போறா. "என்ன தம்பி, எறங்குறியா?"ன்னா. ஏறவே இல்ல நானு.

சரி, நீ போற மாச்சு பிச்சுவுக்கு வருவோம். 1911 ஜூலை 24-ல ஹைரம் பிங்காம்னு ஒரு அமெரிக்க வாத்தியாரு அதைக் 'கண்டுபிடிச்சாரு'. எப்படிக் கண்டுபிடிச்சாருன்னு கேளு. அடிவாரத்துல இருந்த ஒரு விவசாயி, ஒரு சோல் காசு கூலிக்கு மேல கூட்டிட்டுப் போனாரு. மேல போனா, அங்க குடும்பம் குடும்பமா வெள்ளாமை செஞ்சுக்கிட்டு இருக்காங்க. ஏறி வந்த மனுசன் களைச்சுப்போயிருக்காரேன்னு சுரைக்குடுக்கையில குளுந்த தண்ணி குடுத்து, அவிச்ச சீனிக்கிழங்கு குடுத்து உபசரிச்சாங்க. பெறகு ஒரு சின்னப்பய இடிபாட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டினான். அம்புட்டையும் வாங்கிச் சாப்பிட்டுட்டு, கண்டுபிடிச்சது நாந்தான்னு எழுதுனா அது சரித்திரம். நான் உங்க வீட்டுல உங்கம்மா குடுத்த காப்பியைக் குடிச்சுட்டு, வீட்டைக் கண்டுபிடிச்சேன்னு சொன்னா வெளக்குமாறு வரும்.

எனக்கு அந்த ஊர்ல ஒரே ஒரு சங்கதிதான் மனசுல ஒட்டுச்சு. தண்ணி. மலைச் சரிவுல ஒரு ஊத்துக்கண்ணைப் பிடிச்சு, 749 மீட்டர் நீளத்துக்குக் கல்லு வாய்க்கா வெட்டி, ஊருக்குள்ள கொண்டாந்து, 16 தொட்டிக்குப் படிப்படியா எறக்கியிருக்காங்க. மேல் தொட்டியில விழுந்து நெறஞ்சு, அதுலயிருந்து அடுத்தது, அடுத்ததுன்னு. பதினஞ்சாம் நூற்றாண்டு வேலை. இரும்பு உளி கிடையாது, சக்கர வண்டி கிடையாது. எல்லாரும் ராசா இருந்த இடத்துல நின்னு போட்டோ எடுப்பாங்க. நீ அந்த வாய்க்காகிட்ட உக்காந்து, சரிவு எம்புட்டு குடுத்திருக்கான், பெருமழை வந்தா மிச்சத் தண்ணியை எங்கிட்டுத் தள்ளுறான்னு பார்த்துட்டு வா. நம்ம ஊரு மழையைப் போல ரெண்டு பங்குக்கு மேல பெய்யுமாம் அங்க. அம்புட்டுத் தண்ணியில அந்த மலை சரியாம நிக்குதுன்னா, கண்ணுக்குத் தெரியாம கீழ வடிகால் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். நம்ம கண்மாய்க்கு மடை, கலுங்கு வச்சவன் பேரன் நீ. அதைப் பார்க்காம வந்தேன்னு சொன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேன். அங்க இருக்குற சூரிய வாசல்ல நின்னு கையை விரிச்சு எடுத்த படத்தை உன் ஆபீசுல காட்டிக்கோ. எனக்கு வாய்க்கா படம் வேணும்.

இப்ப அந்த சுமைகாரங்க கதை. நீ சின்னப் பையை மாட்டிக்கிட்டு தண்ணி பாட்டிலோட நடப்ப. உன் கூடாரம், மெத்தை, பாத்திரம், அடுப்பு, நாற்காலி எல்லாம் இன்னொருத்தர் முதுகுல. நீ போய்ச் சேருறதுக்கு முன்னாடி அவரு ஓடிப்போய், கூடாரம் அடிச்சு, சுடுதண்ணி வச்சுக் காத்துக்கிட்டு இருப்பாரு. ஒரு காலத்துல ஆளு எடைக்குப் பக்கத்துல ஏத்திவிட்டிருக்காங்க. 2001-ல சட்டம் போட்டாங்க, ஆளுக்கு 20 கிலோதான்னு. பாதை ஆரம்பத்துல தராசு வச்சு நிறுத்துப் பார்க்குறாங்களாம். தராசு வச்சாலும், அதைத் தாண்டுன பெறகு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறவன் எந்த ஊர்லயும் இருப்பான். அதனால கேமரா காலு, மூணாவது சோடி பூட்சு, உங்கம்மா கட்டிக்குடுக்குற அஞ்சு கிலோ காராச்சேவு, எல்லாத்தையும் யோசிச்சு எடு.

நானும் ஒருகாலத்துல சுமந்தவன்தான். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையிலயிருந்து சதுரகிரி மேல அன்னதானத்துக்கு அரிசி கொண்டுபோவோம். சும்மாடு கட்டி, மூடையைத் தலையில வச்சு, பாறைக்குப் பாறை. கூட வந்த பக்தருக மேல போய் "என்ன அழகு, என்ன அருவி"ன்னு பேசிக்கிட்டாங்க. நான் எந்த அருவியையும் பார்க்கல. எனக்கு முன்னாடி போனவன் குதிங்கால் வெடிப்பு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. எந்த எடத்துல கால் வச்சான், எங்க பாறை ஆடுச்சு, அதுவும் ஞாபகம் இருக்கு. அந்த மலையை யாருக்கு நல்லாத் தெரியும், சொல்லு. அங்க போய் வழிகாட்டிகிட்ட இங்கிலீசுல கதை கேளு, தப்பில்ல. ராத்திரி சாப்பாட்டுக்குப் பெறகு ஒரு எட்டு சுமைகாரருகிட்டயும் போய் உக்காரு. பாஷை தெரியாட்டியும் உன் சாமானை ஒருதடவை நீயே தூக்கிக் குடு.

கெளம்புறதுக்கு முன்னாடி ஒத்திகை பார்க்கணும்ல? ஜிம்முல ஓடுற பட்டையில நடந்தேன்னு சொல்லாத. அது நகருது, நீ நகரல. இடிஞ்ச எடம்தானே உனக்குப் பிடிக்கும்? பள்ளிமடத்துக்கு நடப்போம். திருச்சுழிக்குப் பக்கத்துல, குண்டாத்தங்கரையில. நீ நூறு தடவை பைக்குல தாண்டியிருப்ப, ஒருநாள் எறங்கியிருப்பியா? காளைநாதர் கோயில். சுந்தரபாண்டியன்னு ஒரு ராசாவை அடக்கம் பண்ணுன எடத்து மேல எழுந்த பள்ளிப்படை. பத்தாம் நூற்றாண்டு. உன் மாச்சு பிச்சுவுக்கு ஐந்நூறு வருசம் மூப்பு.

மாச்சு பிச்சுவைக் கட்டுன இன்காக்காரங்ககிட்ட நம்மளை மாதிரி எழுத்துக் கிடையாதாம், கயித்துல முடிச்சுப் போட்டுக் கணக்கு வச்சாங்களாம். இங்க கல்லு பூரா எழுத்து. அதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. குறண்டியில இருந்த சமணப்பள்ளியைப் பத்தின எழுத்து இந்தச் சிவன் கோயில் கல்லுல இருக்கு. அங்க இடிஞ்சதைத் தூக்கியாந்து இங்க வச்சுட்டாங்கன்னு படிச்சவங்க சொல்றாங்க. அந்தக் குறண்டிச் சாமியாருக பேரு மதுரைக்கு அந்தாண்ட கீழக்குயில்குடி சமணர் மலையிலயும் வெட்டியிருக்கு. கரிசக்காட்டுலயிருந்து மலைக்கு நடந்தவங்க. அதுல ஒருத்தரு பேரு அட்டோபவாசி. எட்டு உபவாசம்னு பேர்லயே பட்டினி. உனக்கு நாலு நாளுக்குத் தனியா சமையக்காரரு.

அதனால நாளைக்கு வெள்ளன நாலரை மணிக்கு வந்துரு. வெயில் ஏறுறதுக்குள்ள போய்ச் சேரணும். வழிகாட்டி நானு. என் மிதிவண்டியில பைய முன்னாடி போறேன், நீ பின்னால வா. கோயிலைப் பார்த்துட்டு அப்படியே திருச்சுழியில உங்க சின்னத்தை வீட்டுல எறங்குவோம். அவ குதிரைவாலி கேட்டு மூணு வாரமாச்சு, வண்டிக்காரன் ஒருத்தனும் வரமாட்டேங்குறான். வாசல்ல மூடை கட்டி வச்சிருக்கேன் பாரு. பயப்படாத, தராசுல போட்டுப் பார்த்துட்டேன். சரியா 20 கிலோ. பெரு நாட்டுச் சட்டப்படிதான்.

அந்தத் துண்டை எடு. அப்படிச் சுருட்டுனா நிக்காதுடா, முறுக்கு. இன்னும் முறுக்கு. ம், இப்ப தலையில வையி பார்ப்போம்.