சித்திரக்கதை நீதவான்

ஊருக்கு ஒரு பரியாரியார், ஒரு மூப்பர், ஒரு சித்திரக்கதை நீதவான். நறுவிலிக்குளத்தில் மூன்றாமவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. சிவகாசியிலிருந்து சித்திரக்கதைப் பார்சல் வந்த அன்று பின்னேரமே அவர் நம்மைத் தேடி வந்துவிடுவார். புத்தக விலையைவிட அனுப்புகூலி கூட என்ற முறைப்பாட்டோடு வழக்கு ஆரம்பமாகும்.

முதலில் மணந்து பார்ப்பார். மை தேறினால்தான் அட்டை. அட்டை தேறினால்தான் உள்ளே. வர்ணத்தில் வந்த கௌபாய் டெக்ஸ் வில்லர் கதை என்றால் முகம் கோணிவிடும். "இத்தாலிக்காரன் 1948இல கறுப்பு வெள்ளையில கீறினது. இதுக்குச் சிவப்புப் பூசச் சொன்னது ஆர்? பாலைவனம் கலியாணப் பந்தல் மாதிரிக் கிடக்கு!"

வெளியிட்டவருக்கும் விடுதலை கிடையாது. 'இரத்தப் படலம்' பெல்ஜியத்தில் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைய, 1984இல் தொடங்கிய கதை. நாயகன் ஞாபகம் தொலைந்து கரையொதுங்கினவன். அது தமிழில் துண்டு துண்டாக வந்ததை நினைத்தால் நீதவானுக்கு இன்றைக்கும் கொதி வரும். "மறதி அவனுக்கு. முந்தின பாகத்தில ஆர் ஆரைச் சுட்டது எண்டு ஞாபகம் வச்சிருக்க வேண்டியது நானோ?"

'இரும்புக்கை மாயாவி' என்றால் மட்டும் குரல் தணியும். 1972இல் முத்து காமிக்ஸ் பிறந்ததே அந்தக் கதையோடுதான். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். ஓவியருக்கு வேலை மிச்சம்தானே என்று ஒருநாள் கேட்டுவைத்தேன்.

"உனக்கென்ன விசரோ? இல்லாத ஆளைக் கீறுறதெல்லோ கஷ்டம்!" தாளில் விரல் படாமல் ஈர்க்கால் தொட்டுக் காட்டினார். "மணிக்கட்டுச் சரிவைப் பார், ஆள் குனிஞ்சு நிக்கிறான். அடுத்த கட்டத்தில விரல் இறுகிக் கிடக்கு, ஓடுறான்."

வெறுங்காற்றில் முதுகும் முழங்காலும் எனக்குத் தெரியத்தான் செய்தன. இதற்காகத்தான் மனுசனைப் பொறுத்துக்கொள்கிறோம். ஆங்கில மூலத்திலேயே ஓவியர் பெயர் போடாத காலம் அது. பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் பெயர் காதில் விழ முன்னமே, நிழல் கோட்டை வைத்து வரைந்தவரின் கையை இவர் அடையாளம் கண்டுவைத்திருந்தார்.

தீர்ப்பின் கடைசி வரி எப்போதும் கதையின் முடிவுதான். கொலைகாரன் ஆர், புதையல் எங்கே, எல்லாம் சொல்லிவிடுவார். மரியாதையில்லாத வேலைதான், ஆனால் அதில் கணக்கு இருக்கிறது. முடிவு தெரிந்த புத்தகத்தை ஒருவரும் இரவல் கேட்பதில்லை. இரவல் போனது தேத்தண்ணிக் கோப்பை வட்டத்தோடு திரும்பி வந்த அனுபவம் அவருக்கு உண்டு.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பொடியன் முழுத் தீர்ப்பையும் பொறுமையாகக் கேட்டு முடித்தான். "கதை தெரிஞ்சிட்டு மாமா. படம் பாக்கத் தாங்கோ."

நீதவான் அவனைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார்.

"போய்க் கையைக் கழுவிப்போட்டு வா. ஈரத்தையும் துடைச்சுப்போட்டு வா."