டூல்பார் போனவர்

அலுவலக மென்பொருளின் பழைய பதிப்பில் தன் கைக்குத் தோதாகப் பொத்தான்களை அடுக்கி வைத்துப் பல வருஷம் பிழைப்பு நடத்தி, புதிய பதிப்பு ஏறிய அன்று அத்தனையையும் பறிகொடுத்தவர் டூல்பார் போனவர் எனப்படுவார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மூக்குக்கண்ணாடி நுனிக்கு இறங்கியிருக்கும். மவுஸ் அம்பு திரையின் மேல் விளிம்பில் ஒன்றுமில்லாத ஓர் இடத்துக்குப் போய் நின்று, திரும்பி வந்து, மறுபடி அங்கேயே போகும். "இங்கிட்டுத்தானப்பா இருந்துச்சு" என்பது இவர் எழுப்பும் ஒலி.

இவர் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருந்தாலும், தேனியை ஒட்டிக் கம்பம் சாலையில் இருக்கும் பழனிசெட்டிபட்டிப் பேரூராட்சியில் நன்கு வளர்ந்த நிலையில் காணப்படுகிறார். காரணம் நிர்வாகம் சார்ந்தது. 1997 ஜனவரி 1 முதல் தேனி தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துக்கொண்டிருந்த மனுவை இனிப் பக்கத்திலேயே கொடுக்கலாம் என்றானதும் மனு பெருகியது. மனு அடிப்பவரும் பெருகினார். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு, ‘ஜாப் டைப்பிங், டி.டி.பி.’ என்று போர்டு மாட்டினார்கள்.

இவரில் மூன்று வகை உண்டு. முதல் வகை மேற்சொன்ன ஜாப் டைப்பிங்காரர். இரண்டாம் வகை, போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்தில் கணக்கு எழுதுபவர். லாட் நம்பர், எடை, விலை என்று எக்ஸெல்லிலேயே குடியிருப்பவர். மூன்றாம் வகை, பள்ளி, கல்லூரி அலுவலகங்களில் போனஃபைடு சர்டிபிகேட் அடித்துக் கொடுப்பவர். மூன்றாமவருக்கு மாதச் சம்பளம் உண்டு என்பதால் டூல்பார் போனாலும் "கம்ப்யூட்டர் சரியில்ல, நாளைக்கு வாங்க" என்று சொல்லி நிம்மதியாக இருக்கலாம். வாசலில் ஆளை நிற்க வைத்துக்கொண்டு அடிக்கும் முதல் வகைக்கு அந்த வசதி கிடையாது. எனவே அவரே இங்கு விரிவாகப் பார்க்கத் தக்கவர்.

இவரது டூல்பார் உருவான களம் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2003. அந்தப் பதிப்பின் வேர்டில் எந்தப் பொத்தானையும் மவுஸால் பிடித்து இழுத்து எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். கட்டளைகளை மட்டுமல்லாமல் எழுத்துருவைக்கூட ஒரு பொத்தானாகத் தூக்கி மேலே வைக்கலாம். அடிக்கடி வரும் வாசகத்தை ஆட்டோ டெக்ஸ்ட்டாகச் சேமித்து அதையும் பொத்தானாக்கலாம். பொத்தானின் மேல் இருக்கும் படத்தையும் பிடித்தபடி மாற்றிக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரத்தை இவர் முழுமையாக அனுபவித்தார். இடமிருந்து வலமாக முதல் பொத்தான் வானவில் அவ்வையார், அரசு அலுவலகத்துக்குப் போகும் தாள்களுக்கு. அடுத்தது பாமினி, காதணி விழாப் பத்திரிகைக்கு. மூன்றாவதை அழுத்தினால் ‘பெறுநர், உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி’ என்று நான்கு வரி தானாக வந்து உட்காரும். நான்காவது, ‘ஆகவே ஐயா அவர்கள்’ என்று தொடங்கி ‘மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடியும் கடைசிப் பத்தி. ஐந்தாவதில் காபிக் கோப்பைப் படம் போட்டிருக்கும். முத்திரைத்தாளில் மேலே முத்திரை இருக்கும் பகுதியை விட்டுவிட்டுக் கீழே அச்சாகும்படி பக்கத்தை மாற்றும் மேக்ரோ அது.

மனுக்காரர் தன் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி மனு திரையில் நிற்கும். இந்த வேகத்தை வைத்துத்தான் வட்டாரத்தில் இவருக்குப் பெயர். பக்கத்துக் கடையில் இருப்பதும் அதே வேர்டுதான், அதே கீபோர்டுதான். ஆனால் அங்கே அரை மணி நேரம், இங்கே பத்து நிமிஷம். இத்தனை வருஷத்து அனுபவம் அந்த ஒரு வரிசையில்தான் பதிவாகியிருக்கிறது. அதற்கு வேறு சான்றிதழ் இல்லை.

இழப்பு இரண்டு வழிகளில் நேர்கிறது. முதல் வழி ஃபார்மட். கம்ப்யூட்டர் மெதுவாகிறது என்று கூப்பிட்டால் சர்வீஸ் தம்பி வருவார். "வைரஸ்ணே. ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும். டாக்குமென்ட்ஸ் எல்லாம் டி டிரைவுக்கு எடுத்து வச்சிர்றேன், ஒண்ணும் போகாது" என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. மை டாக்குமென்ட்ஸ் முழுவதும் பத்திரமாக இருக்கும். ஆனால் வேர்டின் டூல்பார் மாற்றங்களும் ஆட்டோ டெக்ஸ்ட்டும் மேக்ரோவும் நார்மல் டாட் என்ற ஒரே கோப்பில் இருந்தன. எக்ஸெல்லுக்கு எக்ஸ்.எல்.பி. என்று முடியும் தனிக் கோப்பு. இரண்டும் இருந்த இடம் சி டிரைவில், அப்ளிகேஷன் டேட்டா என்ற கண்ணுக்குக் காட்டாத ஃபோல்டருக்குள். எடுத்து வைக்கச் சொல்ல இவருக்குத் தெரியாது. எடுத்து வைக்கத் தம்பிக்குத் தோன்றாது. சி டிரைவோடு அதுவும் போய்விடும்.

இரண்டாம் வழி பதிப்பு மாற்றம். 2007 ஜனவரி 30 அன்று ஆபீஸ் 2007 கடைகளுக்கு வந்தது. மெனுவும் டூல்பாரும் நீங்கி ரிப்பன் என்ற அகலப் பட்டை மேலே படர்ந்தது. பழைய டூல்பாரை எப்படியோ காப்பாற்றிக் கொண்டுவந்தவர்களுக்கும், ஆட்-இன்ஸ் என்ற கடைசி அறை ஒன்றில் எல்லாவற்றையும் மொத்தமாகக் குவித்து வைத்திருந்தார்கள். டூல்பார் போனவர்களில் பலர் இதை ஏழு வருஷம் தள்ளிப்போட்டனர். 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கும் ஆபீஸ் 2003-க்கும் மைக்ரோசாஃப்ட் ஒரே நாளில் ஆதரவை நிறுத்தியது. அதன்பின் வந்த புது மிஷின்களோடு புது ஆபீஸும் வந்தது.

மைக்ரோசாஃப்ட் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. வேர்டில் பதிப்புக்குப் பதிப்பு வசதிகளைச் சேர்த்துக்கொண்டே போனதில், 2003-இல் டூல்பார்கள் மட்டும் 31 ஆகிவிட்டன. ஏற்கெனவே இருக்கும் வசதியையே புதிதாகச் சேர்க்கச் சொல்லி ஜனங்கள் கேட்டார்கள். எனவே எல்லாவற்றையும் கலைத்து அடுக்கத் தீர்மானித்தனர். டூல்பாரை மாற்றி வைத்துக்கொள்பவர்கள் எத்தனை பேர் என்றும் பார்த்தார்கள். மாற்றிய டூல்பாரோடு வேர்டு ஓடியது நூற்றுக்கு 2 தடவைக்கும் குறைவு என்று தெரிந்தது. இந்தக் கணக்கு, தகவல் அனுப்பச் சம்மதித்தவர்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து இன்டர்நெட் வழியாக எடுக்கப்பட்டது. டூல்பார் போனவரோ, ‘அனுப்பலாமா?’ என்று எது கேட்டாலும் ‘வேண்டாம்’ என்பதை அழுத்துபவர். அந்தக் காலத்தில் இன்டர்நெட்டுக்குப் பிரவுசிங் சென்டருக்குப் போனவர். கணக்கெடுப்பின்போது அவர் வீட்டில் இல்லை.

இந்த இழப்பு ஒரு நோய். அதன் அறிகுறிகள் திங்கட்கிழமை உச்சம் பெறும். அன்று கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். காலையிலேயே வீரபாண்டியிலிருந்து ஓர் அம்மா முதியோர் உதவித்தொகைக்கு மனு அடிக்க வந்து ஸ்டூலில் உட்காருகிறார். இவர் மனுவை அடித்துவிடுகிறார், விரல் மறக்கவில்லை. பிரிண்ட் கொடுக்கத்தான் வழி தெரியவில்லை. ஏறியிருப்பது ஆபீஸ் 2007. ஃபைல் மெனு இருந்த மூலையில் உருண்டையாக ஒரு சின்னம் மட்டும் இருக்கிறது. அது கம்பெனி முத்திரை, அழகுக்கு வைத்தது என்று இவர் நினைக்கிறார். பிரிண்ட் அதற்குள்ளேதான் இருக்கிறது.

"ஏப்பா, கரண்டு இல்லையா?" என்கிறார் அந்த அம்மா.

"கரண்டெல்லாம் இருக்குத்தா. கம்ப்யூட்டரு புதுசு."

"புதுசுன்னா வெரசா வரணும்ல? கலெக்டரு எந்திரிச்சுப் போயிருவாரு."

இதற்குப் பதில் எந்தப் பதிப்பிலும் இல்லை.

இரண்டாவது அறிகுறி, கடையில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளையிடம் வழி கேட்பது. காலேஜ் முடித்து வந்த அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரைத் தொட்டதே ரிப்பன் வந்த பிறகு. அவளுக்கு இதில் விசித்திரம் எதுவும் கிடையாது. ஆபீஸ் 2016-இல், என்ன செய்ய வேண்டும் என்று தட்டினால் எடுத்துத் தரும் ஒரு தேடல் பெட்டி வந்தது. "பேரச் சொல்லுங்கண்ணே, தேடிருவோம்" என்பாள் அவள்.

"பேரு யாருக்கும்மா தெரியும்? காபி டம்ளர் போட்டிருக்கும்."

இந்த நோயின் மையம் இதுதான். டூல்பார் போனவருக்குத் தன் கருவிகளின் இடம் தெரியும், படம் தெரியும், அழுத்தினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். பெயர் மட்டும் தெரியாது. தேவைப்பட்டதே இல்லை. புதிய பதிப்பு இடத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டு பெயரைக் கேட்கிறது. நேற்றுவரை "அண்ணன்கிட்ட கொடுங்க, அவர்தான் வேகம்" என்று இருந்த கடையில், ஒரே நாளில் மூத்தவரும் நேற்று வந்த பிள்ளையும் ஒரே படியில் நிற்கிறார்கள். சொல்லப்போனால் பிள்ளை ஒரு படி மேலே. டூல்பாரைப் பற்றி இவர் புலம்பும் புலம்பலில் பெரும்பகுதி இந்தப் படியைப் பற்றியது.

மருத்துவம் உண்டு. திரையின் மேல் மூலையில் குவிக் ஆக்சஸ் டூல்பார் என்று ஒரு குட்டிப் பட்டை இருக்கிறது. ரிப்பனில் வேண்டியதன் மேல் ரைட் கிளிக் செய்தால் அதை அங்கே சேர்த்துக்கொள்ளலாம். பட்டையை ரிப்பனுக்குக் கீழே இறக்கிக்கொண்டால் பழைய டூல்பாரின் சாயல் வந்துவிடும். முதல் ஒன்பது பொத்தான்களை ஆல்ட் விசையோடு 1 முதல் 9 வரை தட்டியும் இயக்கலாம். எழுத்துருவுக்கு நேரடிப் பொத்தான் இல்லாவிட்டாலும் கீபோர்டில் குறுக்குவிசை ஒதுக்கலாம். ரிப்பனில் இடம் கிடைக்காத கட்டளைகளுக்கென்றே தனிப் பட்டியல் ஒன்றும் உண்டு. இவர் தேடும் பழைய ஆட்களில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். ஏலக்காய்க் கணக்கருக்கு இன்னும் எளிது. எக்ஸெல்லில் ஆல்ட், ஈ, எஸ், வி என்று பழைய வரிசையில் தட்டினால் மதிப்பை மட்டும் ஒட்டும் வேலை இன்றும் நடக்கிறது. பழைய பதிப்பின் விசைகளைத் தொடர்ந்து தட்டலாம் என்று ஒரு சிறு பெட்டி தோன்றி மரியாதையும் செய்கிறது. மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் லிப்ரெ ஆபீஸுக்குக் குடிபெயர்கிறார்கள். இலவசம், மெனுவும் டூல்பாரும் பழைய முகத்தோடே இருக்கின்றன.

நோய் திரும்ப வரக்கூடியது. ஆபீஸ் 2010-இல் ஃபைல் என்ற சொல் தன் மூலைக்குத் திரும்பியது. உருண்டைச் சின்னத்தை அப்போதுதான் பழகி முடித்தவர்கள் மறுபடி திகைத்தார்கள். 2021 கடைசியில் வந்த புதிய தோற்றத்தில் குவிக் ஆக்சஸ் டூல்பாரையே முதலில் மறைத்து வைத்தார்கள். வேண்டுமென்றால் வெளியே வரவழைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் மேலே சொன்ன அறிகுறிகள் அதே வரிசையில் வரும். காலம் மட்டும் குறையும்: முதல் முறை ஒரு மாதம் என்றால் அடுத்த முறை ஒரு வாரம்.

தடுப்பு முறை ஆபீஸ் 2010-இலிருந்தே இருக்கிறது. ரிப்பனிலும் குட்டிப் பட்டையிலும் செய்த மாற்றங்களை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறு மிஷினில் இறக்கிக்கொள்ளலாம். இதைக் கற்றுக்கொண்டவர் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் போட்டு, பென்டிரைவைக் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். சர்வீஸ் தம்பியைப் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணிக்கிறார். ‘அப்டேட் தயார்’ என்று திரையில் எது வந்தாலும் ‘பிறகு’ என்பதை அழுத்துகிறார். இந்நிலையை எட்டியவர் டூல்பார் போனவர் என்ற வகையில் அடங்கமாட்டார். அவர் அப்டேட் போடாதவர் என்ற இனத்தைச் சேர்ந்தவர். அவருடைய பழக்கவழக்கங்கள் வேறு.