ஒரு சொட்டும் கசியவிடாத பெருமை

வீட்டுத் தோட்டத்து மீன்குளத்துக்கு விரிக்கும் ஈ.பி.டி.எம். றப்பர் சொன்ன சொல் தவறாத பொருள். ஒரு மில்லிமீற்றர்தான் தடிப்பு. பங்குனி வெயிலில் வெடிக்காது. கல் குத்தினால் இழுபட்டு இடம் கொடுக்கும். இருபது ஆண்டு தாங்கும் என்று விற்பவர்கள் எழுதியே தருகிறார்கள். மலிவான பொலித்தீன் விரிப்பு மடிப்புகளில் வெயில் பட்டுச் சில ஆண்டுகளில் நொறுங்கிவிடும். ஆகவே யாழ்ப்பாணத் தீவுகளில், வேலணையிலோ புங்குடுதீவிலோ ஊர்காவற்துறையிலோ வீடு கட்டி, முற்றத்தில் மீன் விட நினைப்பவர் றப்பரைத் தெரிவு செய்தால் பொருளறிந்து தெரிவு செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தத் தீவுகளின் சுண்ணக்கல் நிலம் மழையை வெடிப்பு வெடிப்பாக உள்வாங்கிப் பழகியது. அப்படிப்பட்ட நிலத்தையும் இருபது ஆண்டுக்கு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவிடாமல் வைத்திருக்கும் ஆற்றலை வேறு பொருளிடம் நான் காணவில்லை.

அந்த ஆற்றலைக் கணக்கிட்டும் பார்க்கலாம். நாலு மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலம் என்றால் 12 சதுர மீற்றர். தீவுகளின் ஆண்டு மழையை ஆயிரம் மில்லிமீற்றர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 12,000 லீற்றர் அதில் விழுகிறது. பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையே வருவது. அது நிலத்துக்குள் இறங்கியிருந்தால் எந்தக் கிணற்றில் ஊறும், யார் வீட்டு வாளியில் ஏறும் என்று சொல்ல முடியாது. றப்பர் அந்த நிச்சயமின்மைக்கு இடம் வைப்பதில்லை. விழுந்ததை எல்லாம் வேலிக்குள் பத்திரமாக வைத்திருந்து, மழை விட்டதும் வெயிலிடம் ஒப்படைக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு ஐந்தாறு மில்லிமீற்றர் ஆவியாகும். ஐந்து என்று கொண்டால் இந்தக் குளம் நாளுக்கு 60 லீற்றரைக் காற்றுக்குக் கொடுக்கிறது. அந்தக் குறையைக் கிணறுதான் நிரப்ப வேண்டும். ஒருவர் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க நாளுக்கு 50 முதல் 100 லீற்றர் வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் கணக்கு. ஆக, மீன்குளம் கட்டியவர் தம் கிணற்றில் இன்னோர் ஆளுக்கும் பங்கு கொடுத்திருக்கிறார். அவ்வளவு தாராளம்.

அடுத்த புகழ் மோட்டருக்கு. துலாவில் இறைத்த மனிதர் கை சோரும்வரை இறைப்பார். பிறகு அவர் ஆறுவார், கிணறு ஊறும். மோட்டர் சோர்வதில்லை, அரைக் குதிரைவலு மோட்டர் மணித்தியாலத்தில் ஆயிரம் லீற்றருக்கு மேல் ஏற்றிவிடும். அது எதிலிருந்து ஏற்றுகிறது என்பதையும் சொன்னால்தான் அதன் திறமை முழுதாக விளங்கும். தீவுகளின் நன்னீர், பாலில் ஆடை படிந்தாற்போல, உவர்நீரின் மேல் மெல்லிதாக மிதந்துகொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக டச்சுக்காரரான பாடன் கைபனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டுசொன்ன கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். அதே கணக்கைத் திருப்பினால், மேலே ஓர் அங்குலம் இறங்கும்போது கீழே உவர் நாற்பது அங்குலம் ஏற இடம் கிடைக்கிறது. கிணற்றடியில் அது கூம்பாக மேலெழும். மேலே ஓர் அங்குலத்தை இழுத்தே அடியிலுள்ள கடலை நாற்பது அங்குலம் உயர்த்தவல்ல கருவியை வல்லமை உள்ளது என்று சொல்லாமல் எப்படி இருப்பது? உயர்ந்த உவர் மறுபடி தணிய ஒரு மாரி வேண்டும். சில இடங்களில் ஒரு மாரியும் போதாது. அடுத்த வளவு அக்காவின் கிணறும் இதே ஆடையில் தோண்டியதுதான். அவர் மோட்டர் வாங்கவில்லை என்றாலும் அதன் பலன் அவருக்கும் கிடைத்துவிடுகிறது.

றப்பர் வேண்டாம், கொங்கிறீட் தொட்டியே உறுதி என்பவர்களும் உண்டு. அவர்களுடைய தெரிவில் பொருளறிவு இன்னும் கூடுதல். கொங்கிறீட்டுக்கு மணல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மணல் அள்ள ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. கடற்கரை மணலில் உப்பு. உப்பு சீமெந்துக்குள் இருக்கும் கம்பியை அரித்து, கம்பி துருப்பிடித்துப் பருத்து, தொட்டியையே வெடிக்கவைக்கும். நல்ல மேசன் மேட்டு மணல்தான் கேட்பார். மண்கும்பானிலும் அல்லைப்பிட்டியிலும் இருந்த மணல்மேடுகள் அதற்குப் பேர்போனவை. அந்த மணலில் ஏன் உப்பில்லை? தலைமுறை தலைமுறையாக மழை விழுந்து கழுவியிருக்கிறது. கழுவிய நீர் எங்கே போனது? அதே மணலுக்குக் கீழே நன்னீராக நின்றது. அயலிலுள்ள சாட்டிக் கிணறுகளின் நீர் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் குடிநீராகப் போயிருக்கிறது என்றால், அந்தப் பக்கத்து மணற்பாங்கான நிலம் மழையைப் பிடித்துவைத்த நன்றிதான் அது. மீன்குளத்துக்கு உகந்த மணலைத் தேடிப் போகிறவர் தவறாமல் தீவின் மிகச் சிறந்த தண்ணீர்ப் பாத்திரத்துக்கே போய்ச் சேர்கிறார். அவ்வளவு நுட்பமாக நல்லதை அடையாளம் காணும் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இரவிரவாக உழவு இயந்திரப் பெட்டிகளில் மணல் போன பிறகு அங்கே மிஞ்சும் பள்ளங்களில் நிற்கிற நீரை ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணின் கூர்மை தெரியும்.

சீமெந்தையும் விட்டுவிடக் கூடாது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் போரோடு நின்றுபோகும் வரை நமது சுண்ணக்கல்லைத்தான் சுட்டு அரைத்தது. நிலத்தில் கிடந்தபோது பொந்துகளாலும் வெடிப்புகளாலும் மழையைக் கீழே அனுப்பிக்கொண்டிருந்த கல், சீமெந்தானதும் மழையை மேலேயே நிறுத்தக் கற்றுக்கொண்டது. புதுத் தொட்டியில் உடனே மீன் விடவும் முடியாது. சுண்ணாம்பு கசிந்து நீரின் காரம் மீன் தாங்காத அளவுக்கு ஏறும். நிரப்பி, ஊறவிட்டு, திறந்துவிட்டு, மறுபடி நிரப்ப வேண்டும். ஒரு மீற்றர் ஆழமென்றால் ஒரு நிரப்பு 12,000 லீற்றர். மூன்று முறை நிரப்பினால் 36,000. ஒரு மீனும் இறங்குவதற்கு முன்னே ஆறாயிரம் லீற்றர்ப் பவுசர் ஆறு தேவைப்படும் ஒழுங்கான முறை இது. சமையலுக்கு ஒரு கான் தண்ணீர் வேண்டி ஆடி மாத வெயிலில் வரிசையில் நிற்கிற பெண்களுக்கு இந்த ஒழுங்கை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிடங்கு வெட்டப் பிறேக்கர் வந்துவிட்டதும் பெரிய வசதி. முன்பு அலவாங்கோடு இறங்கியவர் கல் இறுகியதும் நின்றுவிடுவார். பிறேக்கர் நிற்காது. மேல் கல்லை உடைத்து, கீழேயுள்ள பொந்துகளையும் திறந்துவைக்கும். கடலோரக் காணிகளில் அந்தப் பொந்து வழியே வற்றும் பெருக்கும் முற்றம்வரை வந்து போகும்.

குளத்தின் விளிம்புக்கு அழகு வேண்டும். நெடுந்தீவில் அதற்குக் கல் தேட வேண்டியதில்லை. காணிக்குக் காணி நிற்கின்றன கல்வேலிகள். சாந்து ஒரு கரண்டியும் இல்லாமல், கல்லின் மேல் கல் வைத்து, காற்று நுழைந்து போக இடைவெளி விட்டு, புயலுக்கும் நின்ற வேலிகள். பவளக்கல்லின் பூவேலைப்பாட்டைப் பளிங்கில் செதுக்கினாலும் கொண்டுவர முடியாது. அதை ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு வரம்பாக அடுக்கலாம் என்று கண்டவர் அழகை அறிந்தவர். அழகுக்கு மேல் அது வேலையும் செய்கிறது. பவளக்கல் சுண்ணாம்பு, நீரின் காரத்தை ஏற்றும். காரம் ஏற ஏற மீன் கழிவிலுள்ள அமோனியாவின் நச்சு கூடும். அதற்காக வடிகட்டியைப் பெரிதாக்க வேண்டும், நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரு வேலியைக் கழற்றி ஒரு நோயை வாங்கி, நோய்க்கு மருந்தாக மறுபடியும் கிணற்றை இறைக்க வைக்கிறது அந்த வரம்பு. ஒன்றோடொன்று இவ்வளவு ஒத்துழைக்கும் பொருட்களைக் கடைக்காரர்கூடச் சேர்த்து விற்றதில்லை.

இத்தனையும் யாருக்காக? ஓராவும் ஒட்டியும் திரளியும் வேலிக்கு வெளியே கடலில் கிடைக்கிற ஊரில், கொய் மீனுக்காக. அதன் செம்மையையும் வெண்மையையும் நான் குறை சொல்லமாட்டேன். பார்க்கப் பார்க்கக் கண் குளிரும். அது நன்னீர் மீன், சுத்தத்தில் கண்டிப்பானது. கிழமைக்கு நீரில் பத்தில் ஒரு பங்கையாவது மாற்றச் சொல்கிறார்கள். இந்தத் தொட்டிக்கு அது 1,200 லீற்றர். கூரையில் வைக்கும் கறுப்புத் தாங்கி ஒன்றுக்கு மேல். கிணறு சற்று உவர்த்தால் இன்னும் கூட மாற்ற வேண்டும், ஏனென்றால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே வரும். மாற்றிய நீரை வளவில் ஊற்றும்போது சேர்ந்த உப்பும் மீன் எச்சத்தின் நைத்திரேற்றும் நிலத்துக்குப் போகின்றன. உரத்தாலும் மலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று ஏறிய கிணறுகளைப் பற்றி யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகளாகப் பேசுகிறோம். கொய் மீனும் அந்தப் பேச்சில் தன் பங்கைச் சேர்க்கிறது.

வடிகட்டி மோட்டரின் சிக்கனத்தையும் சொல்லியாக வேண்டும். 40 வாட்தான். இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு ஒரு யூனிற். மூச்சுக்காற்று நின்றால் மீன் சாகும் என்பதால் அதை அணைக்க முடியாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் மின்சாரம் டீசல் இயந்திரத்திலிருந்து வந்தது. டீசல் கடல் கடந்து வந்தது. 2022 மார்ச்சில் இந்த மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த கலப்பு மின் திட்டத்துக்கு இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கை செய்தன. அந்த யூனிற்றுகளுக்காக இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. குடிநீருக்கும் இப்போது மின்சாரமே துணை. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உவர்நீரைச் சுத்திகரிக்கும் ஆலைகள் வந்துவிட்டன. குடாநாட்டுக்காக 2024 ஓகஸ்டில் தாளையடியில் திறந்த ஆலை கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரும் அளவுடையது. கடலைச் சுத்திகரித்துக் குடிக்கும் நிலைக்கு ஒரு நாடு வந்த பிறகும் கிணற்று நன்னீரை மீனுக்கு ஒதுக்கும் மனம், விருந்தோம்பலில் நம் முன்னோரையும் மிஞ்சிய மனம்.

நுளம்பைப் பற்றி ஒரு சொல். மீன் உள்ள குளத்தில் குடம்பி தங்காது, உண்மை. ஆனால் விரிப்பின் மேல்மடிப்பு, கழற்றிப் போட்ட வடிகட்டிப் பெட்டி, பாதி நிரம்பிய வாளி, இவற்றில் மீன் இல்லை. கிணற்று நீர் உவரென்றாலும் காப்பில்லை; டெங்கு நுளம்பு உவர்கலந்த நீரிலும் பெருகும் என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பழைய துரவுக்கும் பூவலுக்கும் இந்தப் பெருமை ஒன்றும் கிடையாது. துரவு கசியும். மாரியில் நிறைந்து, மாசி பங்குனியில் வற்றி, போன நீர் எங்கே என்று கேட்டால் அயலெல்லாம் கையைக் காட்டும். பூவல் ஒரு நாளில் தோண்டுவது. சிரட்டையால் அள்ளும் அளவுக்கே ஊறும். அதற்கு மேல் ஒருவரையும் எடுக்கவிடாது. துரவடியில் ஆவுரோஞ்சிக்கல் நட்டுவைத்தவர் மாட்டுக்கு முதுகு சொறியவும் இடம் வைத்தார். வழிப்போக்கர் இறக்கிவைக்கச் சுமைதாங்கி கட்டினார். தமக்கென்று பெயர்ப்பலகை வைக்கவில்லை. அந்த நீரில் கிடந்த சிறுமீன்களை யாரும் கடையில் வாங்கவில்லை. கோடையில் அவை குறையும், மாரியில் பெருகும். அதற்கு வடிகட்டியும் இல்லை, உத்தரவாதமும் இல்லை.

பனிநாட்டில் இரண்டு வேலை பார்த்துச் சேர்த்த காசை ஊர் மண்ணில் போடுகிறவர்களின் அன்பில் எனக்கு ஐயமே இல்லை. பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து முற்றத்தில் மீனைப் பார்க்கட்டும் என்ற ஆசையும் நல்ல ஆசை. அந்த ஆசைக்கு இரண்டு மூன்று சதுர மீற்றர் போதும். கூரைப் பீலியிலிருந்து ஒரு குழாயும், மாரி நீரைப் பிடித்துவைக்க ஒரு தாங்கியும், வெயிலை மறைக்கக் கிடுகுப் பந்தலும், உவரையும் தாங்கும் திலாப்பியாவும் இருந்தால் கிணற்றைத் தொடவே வேண்டாம். நிரம்பி வழியும் நீரைக் கிணற்றடிப் பக்கமாக ஒரு கல் நிரப்பிய குழிக்குள் விட்டால், றப்பர் தடுத்து வைத்ததில் ஒரு பங்காவது நிலத்துக்குத் திரும்பும். தாங்கி வற்றுகிற ஆண்டில் மீனைப் பொரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, குளத்தை அடுத்த மாரிவரை வெறுமையாக விடலாம்.

மீன்குளச் சாமான் பட்டியல்கள் நீளமானவை; விரிப்பு, மோட்டர், வடிகட்டி, காற்றுக்குழாய், புறஊதா விளக்கு, நீரூற்றுத் தலை என்று ஒன்றும் விடுபடாது. தண்ணீரின் உவரளக்கும் பேனா அளவுக் கருவி மட்டும் அவற்றில் இருப்பதில்லை. மேலே சொன்ன எல்லாவற்றிலும் அதுதான் மலிவு. ஓகஸ்டில் ஒருமுறை, மாரி முடிந்து தையில் ஒருமுறை, உங்கள் கிணற்றிலும் இரண்டு பக்கத்து வளவுக் கிணறுகளிலும் அதை இறக்கிப் பாருங்கள். இலக்கங்களை அந்த அயலவரோடு உட்கார்ந்து படியுங்கள். றப்பரின் விலையை அதற்குப் பிறகு விசாரிக்கலாம்.