இனிஷியலில் சிக்கும் பென்ஷன்

ராணுவ அதிகாரிகளின் மனைவிமார் சங்கம் என்றால் தேநீர் விருந்துதானே?
(வாசகர், திருவள்ளூர்)

தேநீரும் உண்டு. ஆனால் 1966-ல் தொடங்கிய ராணுவ மனைவியர் நலச் சங்கம்தான் சிறப்புக் குழந்தைகளுக்கான ஆஷா பள்ளிகளையும் நடத்துகிறது. சில வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறும் வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தால், போஸ்டிங் ஆர்டர் வந்ததும் தாய்க்கு முதலில் வரும் கவலை பள்ளிக்கூடம்தான்.

தளபதியின் மனைவி என்பதாலேயே தலைவியா?
(வாசகி, ஆவடி)

வழக்கம் அதுதான். ராணுவத் தலைமைத் தளபதியின் மனைவி சங்கத்துக்குத் தலைவர். கீழேயும் படிப்படியாக அப்படியே. தேர்தல் கிடையாது, சம்பளமும் கிடையாது. எனக்கு இது உறுத்துகிறது. விருப்பமில்லாதவர் தலையில் பொறுப்பு விழுகிறது. ஊரையே கூட்டி வேலை வாங்கத் தெரிந்த ஹவில்தார் மனைவிக்கு நாற்காலி எட்டுவதில்லை.

என் கணவர் சி.ஆர்.பி.எஃப். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எனக்கு உதவுமா?
(வாசகி, ஆவடி)

உதவாது. அது முப்படைகளுக்கானது, சி.ஆர்.பி.எஃப். உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. ஆவடியிலேயே இருக்கும் குரூப் சென்டரைக் கேளுங்கள்.

பதவி இல்லாமல் தலைமை தாங்கியவர் யார்?
(வாசகர், பொன்னேரி)

சுபாஷிணி வசந்த். கணவர் கர்னல் வசந்த் வேணுகோபால் 2007 ஜூலை 31 அன்று உரியில் உயிர் நீத்தார். அசோக் சக்ரா பெற்றவர். பரதநாட்டியக் கலைஞரான சுபாஷிணி, பெங்களூரில் வசந்தரத்னா அறக்கட்டளை தொடங்கி, கணவரை இழந்த சிப்பாய் வீட்டுப் பெண்களின் பக்கம் போய் நின்றார். தன் துக்கம் ஆறட்டும் என்று காத்திருக்காத அந்த மனசை நான் கும்பிடுகிறேன்.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். கணவர் ராணுவத்தில், எல்லையில் இருக்கிறார். பக்கத்தில் கன்டோன்மென்ட் கிடையாது. எனக்கு யார் இருக்கிறார்கள்?
(வாசகி, கும்மிடிப்பூண்டி)

சகோதரி, மேலே சொன்ன அதே மாவட்ட அலுவலகம் உங்களுக்கு உண்டு. பெயரில் ‘முன்னாள்’ இருந்தாலும், பணியில் இருப்பவரின் குடும்பமும் அங்கே போகலாம்.

இன்னொன்று, நீங்களே தொடங்கலாம். உங்கள் பஸ்ஸில் வருபவர்களில் பட்டாளத்து மனைவிகள் நாலு பேராவது இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரவர் காகிதங்களோடு கூடி உட்காருங்கள். நம் ஊர்ப் பெண்களுக்குப் பெரிய வில்லன் இனிஷியல்! பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்து, ஆதாரில் கணவர் பெயரின் எழுத்து, ராணுவ ரெக்கார்ட் ஆபீஸில் வேறு ஸ்பெல்லிங். கல்யாணமும் குழந்தை பிறந்ததும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற ராணுவ ஆணை வழியாகக் கணவரின் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால், பெயர் பொருந்தாவிட்டால், நாளை குடும்ப பென்ஷன் அந்த ஒரு எழுத்தில் சிக்கிக்கொள்ளும். அவர் பணியில் இருக்கும்போதே திருத்துவது எளிது. அடுத்த லீவில் அவர் வந்ததும், பெட்டியைப் பிரிக்கும் முன்பே அந்த ‘பார்ட் டூ ஆர்டர்’ காகிதத்தைக் கேளுங்கள்.