ஆட்டுத்தோலும் ஐ.எஸ்.ஆர்-2 படிவமும்

தாத்தா என்றைக்கோ வாங்கிப்போட்ட ஷேர் இன்றைக்குப் பல கோடி பெறும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர் பெரியப்பா. போன பொங்கலுக்குப் பரணை ஒழித்தபோது அந்த ஷேர் கிடைத்தேவிட்டது. கோவைப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றின் பத்திரம். ஓரமெல்லாம் கரும்பச்சைக் கொடிப்பின்னல், நடுவில் புகை கக்கும் புகைபோக்கி, கீழே இரண்டு டைரக்டர்களின் கையெழுத்து, விரலால் தடவினால் மேடு தட்டும் கம்பெனி முத்திரை. எல்லாம் இருந்தது, ஆலையைத் தவிர. அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.

பெரியப்பா மனம் தளரவில்லை. இந்த மாதிரிக் காகிதங்களைச் சட்டம் போட்டு மாட்டுவதற்கென்றே காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். ஜார் காலத்து ரஷ்யக் கடன் பத்திரங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிக் குவித்தார்கள். 1918-இல் போல்ஷ்விக்குகள் அந்தக் கடனெல்லாம் செல்லாது என்று கையை விரித்தார்கள். 1990-களில் ரஷ்யா ஒருவழியாக 40 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பங்கு பிரித்தால் வாரிசுகளுக்குத் தேறியது சில்லறைதான். ஆனால் பத்திரங்கள் பார்க்க அவ்வளவு அழகு, அதனால்தான் மாட்டிவைக்க ஆள் இருக்கிறது.

என்னைப் பொறாமைப்பட வைத்தது வேறொன்று. 1648-இல் நெதர்லாந்தில் லெக் ஆற்றங்கரையைக் காக்கும் நீர் வாரியம் ஒன்று ஆட்டுத்தோலில் கடன் பத்திரம் எழுதிக்கொடுத்தது. ஆயிரம் கில்டர் கடன். அசலுக்குத் தவணை கிடையாது. வட்டி மட்டும் காலகாலத்துக்கும். கொண்டுவருகிறவர் யாரானாலும் கொடுக்கவேண்டியது. கொடுத்த வட்டியைத் தோலின் மேலேயே குறித்துக்கொண்டே வந்தார்கள். இடம் போதாமல் பிறகு ஒரு காகிதம் சேர்த்தார்கள். 2003-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இதை ஏறக்குறைய 24,000 யூரோ கொடுத்து வாங்கியது. 2015-இல் ஆளனுப்பி 12 வருஷத்து வட்டியைக் கேட்டது. பழைய வாரியத்தின் இடத்தில் இன்று இருக்கும் வாரியம் 136 யூரோ 20 சென்ட்டை எண்ணிக் கொடுத்தது. விமானக் கட்டணத்துக்குக் காணாது. அதனாலென்ன, கேட்டார்கள், கொடுத்தார்கள்!

இங்கே என் அப்பா 1980-களில் வாங்கிய ஷேர், உயிரோடிருக்கும் கம்பெனியுடையது. அப்பாவும் உயிரோடிருக்கிறார். ஆனால் அதை டீமேட் ஆக்க, அதாவது மின்னணுக் கணக்குக்கு மாற்றப் போனால், கம்பெனியிடம் உள்ள பழைய கையெழுத்தோடு இப்போதையது ஒத்துப்போகவில்லையாம். நாற்பது வயதில் சுழித்துப் போட்ட கையெழுத்தை எண்பது வயது விரல்கள் எங்கே போடும்? அப்படியானால் ஐ.எஸ்.ஆர்-2 என்ற படிவத்தில், கையெழுத்து இவருடையதுதான் என்று பேங்க் மேனேஜர் சான்றளிக்க வேண்டும். மேனேஜரோ, "சார், உங்க பேங்க் கையெழுத்தும் இது இல்லையே" என்றார். செத்த கம்பெனியின் பத்திரத்தில் அழகைப் பார்க்கிறார்கள். இருக்கிற கம்பெனியின் பத்திரத்தில் சுழியைப் பார்க்கிறார்கள்.

வீட்டில் காகித ஷேர் வைத்திருப்பவர்களே, பெரியவர்களின் கை நடுங்கத் தொடங்குமுன் அதை டீமேட் ஆக்கிவிடுங்கள். தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்டைக் கேட்காமல் விட்டால், டிவிடெண்டோடு ஷேரும் அரசின் நிதியத்துக்குப் போய்விடும். திரும்பப் பெற வழியிருக்கிறது. அதற்கும் தனியாக ஒரு படிவம்.